காயாத கெம்பாஸ்

லோஷினியின் கணக்கு தப்பாது என்று சொல்லிச் சொல்லியே எல்லாருமாகச் சேர்ந்து அவளைக் கெடுத்து வைத்திருந்தார்கள். ஜொகூர் மாநிலத்து உலு திராமில் முருகப்பனின் மரக்கடையில் எடை போடுவது அவள் வேலை. ஒரு கட்டு மரத்தின் நீளம், அகலம், உயரத்தை அளப்பாள். இன்ன மரம் என்றால் கன மீட்டருக்கு இத்தனை கிலோ என்று மனசிலேயே பெருக்குவாள். இது முக்கால் டன், இது ஒன்றரை டன் என்று அட்டையில் பட்டை பேனாவால் எழுதிக் கட்டின் தலையில் மாட்டிவிடுவாள். பிறகு கொக்கித் தராசில் தொங்கவிட்டுப் பார்த்தால், அவள் சொன்னதற்கும் தராசு சொல்வதற்கும் ஒரு சிமெண்டு மூட்டை அளவுகூட வித்தியாசம் வராது. முருகப்பனுக்கு வாயெல்லாம் பல்லாகிவிடும்.

என்னதான் மெச்சினாலும் தராசில் தொங்கவிடாமல் அந்தக் கடையிலிருந்து ஒரு கட்டும் வெளியே போனதில்லை. போனது ஆயுத பூஜை அன்று ஒரு நாள்தான். அந்த ஒரு நாள் போதாதா?

லோஷினியின் புருஷன் செல்வா அதே கடையின் கிரேன் லாரியை ஓட்டுகிறவன். லாரியில் கட்டுகளை ஏற்றிக்கொண்டு போய், லாரியோடு இருக்கிற கிரேனாலேயே தூக்கி இறக்குவான். அந்தக் கிரேன் மனுஷன் கை மாதிரிதான். வாளித் தண்ணீரை உடம்போடு ஒட்டிப் பிடித்தால் தூக்கலாம், கையை நீட்டிப் பிடித்தால் தோள் கழன்றுவிடும். எவ்வளவு தூரம் கையை நீட்டலாம் என்று முடிவு செய்ய அவன் பார்ப்பது ஒன்றே ஒன்று, கட்டின் தலையில் பொண்டாட்டி எழுதிய எண். "என் பொண்டாட்டி போட்ட கணக்குலா. சாமி வந்து மாத்திச் சொன்னாலும் கேக்க மாட்டேன்" என்று டீக்கடையில் பீற்றிக்கொள்வான். அவளும் உச்சி குளிர்ந்து போவாள்.

வீட்டில் சோறு போடும்போதுகூட அவனுக்கு கிரேன்காரன் சைகைதான். வாய் நிறைய சோறு இருக்கும், பேச முடியாது. விரலைக் கீழே காட்டி வட்டமாகச் சுற்றினால் இறக்கு, அதாவது குழம்பை ஊற்று. இன்னொரு கையைத் தட்டையாக அதன்மேல் வைத்தால் மெதுவாக. கையை நீட்டி உள்ளங்கையைக் கவிழ்த்து வீசினால் நிறுத்து. அவர்கள் மகள் சாருமதி பாலர் பள்ளியிலும் இப்படியே செய்யப் போக, டீச்சர் லோஷினியைக் கூப்பிட்டு விசாரித்தாள்.

பூஜைக்கு முந்தின நாள் கடையே தலைகீழாகிவிட்டது. போர்க்லிப்ட் ஓட்டும் செல்லப்பன் கட்டுகளையெல்லாம் அங்கும் இங்கும் நகர்த்தி, கொட்டகை முழுக்கத் தண்ணீர் அடித்துக் கழுவினார். விடிந்ததும் லோஷினி வந்து ஈரத் தரையில் கோலம் போட்டாள். வாள், உளி, அளவு நாடா, கொக்கித் தராசு எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு சரஸ்வதி படத்துக்கு முன்னால் வாழை இலையில் படுத்துக்கொண்டன. மறுநாள் காலை மறுபூஜை முடிகிறவரை அவற்றை யாரும் தொடக்கூடாது. முருகப்பனின் அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான்.

சாம்பிராணிப் புகை அடங்குவதற்குள் போன் வந்தது. ஆயர் ஈத்தாமைத் தாண்டி ஒரு செம்பனைத் தோட்டத்தில் கால்வாய்ப் பாலத்தின் பலகை உடைந்துவிட்டதாம், பழ லாரி எதுவும் போக முடியவில்லையாம். நாலு கட்டு கெம்பாஸ் மரம் இன்றைக்கே வேண்டும் என்று மேஸ்திரி தங்கராஜு கெஞ்சினார்.

"லாரிக்குப் பூஜை சாயந்தரந்தானே? லாரி போயிட்டு வரட்டும்" என்றார் முருகப்பன்.

"நிறுக்காமயா முதலாளி?" என்றாள் லோஷினி.

"தராசு சாமிகிட்ட இருக்கே, எப்படிம்மா எடுக்கிறது? உனக்கெதுக்குத் தராசு? கெம்பாஸ் உனக்குத் தலைகீழ்ப் பாடமாச்சே."

சாமிக்குத் தராசு என்றால் ஓய்வு, லாரி என்றால் ஓட்டம். முருகப்பனின் பக்தி அப்படிப்பட்டது. லோஷினிக்கும் வேண்டாம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் புகழ்ச்சி யாரைத்தான் விட்டது? கொட்டகையின் முன்வரிசையில் இருந்த கெம்பாஸ் கட்டுகளை அளந்தாள், பெருக்கினாள், நாலு அட்டையிலும் ஒன்றரை டன் என்று எழுதி மாட்டினாள். செல்லப்பன் அவற்றை ஏற்றிவிட்டார்.

"ஆறு மணி பூஜைக்கு வந்துருங்க. எங்கயும் நிக்காதீங்க, டீ குடிக்கக்கூட" என்று செல்வாவிடம் சொன்னாள்.

"சரிங்க மேடம்" என்று சல்யூட் அடித்துவிட்டுப் போனான்.

அவன் போய் ஒரு மணி நேரம் ஆவதற்குள், சாயங்காலப் பூஜைக்குக் கோலத்தைத் திருத்தலாம் என்று மாவுக் கிண்ணத்தோடு கொட்டகைக்குப் போனாள். தரையெல்லாம் நன்றாகக் காய்ந்திருந்தது. முன்வரிசை இருந்த இடம் மட்டும் ஈரமாக இருந்தது. அந்த ஈரம் மெல்ல ஓடிவந்து அவளுடைய கோலத்தின் ஒரு மூலையில் ஏறியிருந்தது. வெள்ளை மாவு பச்சையாக மாறியிருந்தது.

லோஷினி குனிந்து விரலால் தொட்டு முகர்ந்தாள். மருந்து வாடை குப்பென்று அடித்தது.

கெம்பாஸ் கட்டையைப் பூச்சி அரிக்காமல் இருக்க மருந்துத் தொட்டியில் போட்டு அழுத்தி ஊற வைப்பார்கள். பஞ்சு மாதிரி குடிக்கிற மரம் அது. ஊறி வந்ததைப் பின்வரிசையில் வாரக்கணக்கில் காயப் போடுவார்கள், காய்ந்ததுதான் முன்வரிசைக்கு வரும். அந்தக் கடையில் முன்வரிசை என்றால் காய்ந்த மரம். கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம்.

நேற்று கழுவுவதற்காகச் செல்லப்பன் எல்லாவற்றையும் நகர்த்தினாரே!

அவள் பின்பக்கம் ஓடினாள். அங்கே தூசி படிந்து, நுனியில் வெடிப்பு விட்டு, ஆறு கட்டு காய்ந்த கெம்பாஸ் ஒய்யாரமாக உட்கார்ந்திருந்தது. முன்வரிசை ஓரத்தில் மிஞ்சியிருந்த ஒரே கட்டின் அடியில் பச்சைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. காலையில் தரை முழுக்க ஈரம், அதனால் சொட்டியது தெரியவில்லை. கொட்டகை முழுக்கச் சாம்பிராணி, அதனால் வாடையும் தெரியவில்லை. அவள் காய்ந்த மரத்துக்கு உள்ள கணக்கைப் போட்டு ஈர மரத்தை அனுப்பியிருக்கிறாள்.

செல்வாவுக்குப் போன் அடித்தாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி அடித்தாள். எடுக்க மாட்டான். லாரி ஓட்டும்போது போனைத் தொடக்கூடாது என்று மகள் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியவளே இவள்தான். போன் டாஷ்போர்டுக்குள் கிடந்து கத்திக்கொண்டிருக்கும், அவன் பாட்டுப் பாடிக்கொண்டு போவான்.

எவ்வளவு கூடுதல் என்று தெரிய வேண்டுமே! கொஞ்சம் கூடுதல் என்றால் கிரேன் தாங்கும். லோஷினி படத்துக்கு முன்னால் போய் நின்றாள். தராசின் நெற்றியில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. சின்ன வயசிலிருந்து பூஜையில் வைத்த புத்தகத்தைக்கூடத் தொட்டதில்லை அவள்.

"தாயே, என்னை என்ன வேணா பண்ணு. அவரை விட்டுரு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத் தராசைத் தூக்கினாள்.

"ஐயையோ! என்னம்மா பண்றே? சாமிக்கு வெச்சதை!" என்று முருகப்பன் ஓடிவந்தார்.

"முதலாளி, ஈரக் கட்டை போயிருச்சு. என் கணக்குத் தப்பு. செல்லப்பண்ணே, போர்க்லிப்ட்டை எடுங்க, சீக்கிரம்!"

மிஞ்சியிருந்த கட்டு போர்க்லிப்ட் முள்ளிலிருந்து தராசோடு தொங்கியது. தராசில் எண்கள் ஓடி நின்றன. இரண்டு டன்னுக்கும் மேல். முருகப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அது மாறவில்லை. செல்லப்பன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அந்தப் பாலத்துக்கு அக்கரையில எறக்கணும்னு தங்கராஜு சொன்னாரே" என்றார் முருகப்பன். அக்கரை என்றால் கிரேன் கையை முழுக்க நீட்ட வேண்டும். முழுக்க நீட்டினால் ஒன்றேமுக்கால் டன்கூடத் தாங்காது. லாரியே குடை சாய்ந்துவிடும், இல்லையென்றால் கை முறிந்து விழும். லீவரைப் பிடித்துக்கொண்டு லாரியை ஒட்டி நிற்கிறவன் செல்வா.

"நீங்க போன் அடிச்சுக்கிட்டே இருங்க முதலாளி. நான் போறேன்" என்று லோஷினி தன் மைவி காரின் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

நெடுஞ்சாலையில் அவள் எப்படி ஓட்டினாள் என்று அவளைக் கேட்டால் தெரியாது. முன்னால் போகும் ஒவ்வொரு லாரியும் செல்வாவின் லாரியாகத் தெரிந்தது. நெருங்கிப் போனால் கோழி லாரி, மணல் லாரி. மச்சாப் ஓய்வு நிலையத்தில் அவன் எப்போதும் டீ குடிக்க நிற்பான். உள்ளே நுழைந்து லாரிகள் நிற்கிற இடத்தைச் சுற்றி வந்தாள். காணோம். எங்கயும் நிக்காதீங்க என்று சொன்னது யார்? டீ குடிக்கக்கூட நிக்காதீங்க என்று சொன்னது யார்? ஸ்டியரிங்கைக் குத்தினாள்.

அதற்கப்புறம் மழை பிடித்தது. ஜொகூர் மழை தெரியும்தானே, வானத்தைக் கிழித்துக் கொட்டுகிற மாதிரி. கார்களெல்லாம் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு ஊர்ந்தன. லோஷினிக்கு முதலில் வயிற்றெரிச்சலாக இருந்தது, பிறகு சட்டென்று ஒன்று உறைத்தது. இடி மின்னலில் யாரும் கிரேனை உயர்த்த மாட்டார்கள். இந்த மழை அங்கேயும் பெய்தால் செல்வா லாரிக்குள் உட்கார்ந்திருப்பான்.

"பெய்! நல்லா பெய்! நிக்காத!" என்று கண்ணாடிக்குள்ளிருந்து மழையைப் பார்த்துக் கத்தினாள். இடி இடித்தபோதெல்லாம் அவளுக்கு உயிர் வந்தது.

ஆயர் ஈத்தாம் டோல் சாவடியைத் தாண்டியதும் தங்கராஜுவின் போன் ஒருவழியாகக் கிடைத்தது.

"லாரி வந்துருச்சும்மா. மழையில மாட்டிக்கிட்டோம். ஒன்னும் பயமில்ல, மழை விட்டோன..."

"அண்ணே, தூக்க வேணாம்னு சொல்லுங்க! அண்ணே!"

லைன் செத்துவிட்டது. அந்தத் தோட்டத்துக்குள் எப்போதுமே லைன் நிலைக்காது. அவர் கேட்டாரா இல்லையா என்று எப்படித் தெரியும்? திரும்பத் திரும்ப அடித்தாள். மலாய்க்காரப் பெண் குரல் ஒன்று தொடர்பில் இல்லை என்று இனிமையாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. நாசமாய்ப் போன இனிமை.

தோட்டத்துச் செம்மண் பாதையில் திரும்பியபோது மழை தூறலாகியிருந்தது. கொஞ்ச தூரத்தில் தூறலும் நின்றது. இரண்டு பக்கமும் செம்பனைகள் இருட்டிக்கொண்டு நின்றன, மட்டைகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. மேலே வானம் வெளுத்துக்கொண்டே வந்தது. அந்த வெளிச்சத்தைப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை. மழை விட்டோன என்றாரே, விட்டுவிட்டதே! கார் சேற்றில் வழுக்கி வழுக்கிப் போனது. சாருமதிக்கு அப்பா எங்கே என்றால் என்ன சொல்வது என்று நினைப்பு ஓடியது. அந்த நினைப்பு வந்ததற்காகத் தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள்.

வளைவைத் தாண்டியதும் லாரி தெரிந்தது. நிமிர்ந்துதான் நின்றது. பக்கத்திலேயே ஒரு கட்டு தரையில் பத்திரமாக இறங்கியிருந்தது. லோஷினிக்கு மூச்சு வந்தது. அப்பாடா, கிட்டத்திலேயே இறக்குகிறார்கள், கை நீட்டவில்லை.

காரை நிறுத்திவிட்டு இறங்கி நிமிர்ந்தாள். இரண்டாவது கட்டு ஆகாயத்தில் இருந்தது.

கிரேனின் கை கால்வாய்க்கு மேலே போய்க்கொண்டிருந்தது, இன்னும் நீண்டுகொண்டிருந்தது. கீழே கால்வாயின் இடுப்பளவுத் தண்ணீரில் தங்கராஜுவும் இரண்டு ஆட்களும் உடைந்த பலகைகளைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருந்தார்கள். கால்வாய்ப் பக்கத்தில், லாரி சாயாமல் இருக்க ஊன்றிய இரும்புக் கால் சேற்றுக்குள் இறங்கிப் போயிருந்தது. இந்தப் பக்கத்துக் கால் தரையைத் தொடவே இல்லை. அதன் அடியில் வைத்த பலகைக்கும் அதற்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. லாரியின் சக்கரங்களும் ஒவ்வொன்றாக எழும்பப் பார்த்தன. செல்வா அந்தப் பக்கம் லீவரைப் பிடித்துக்கொண்டு, கட்டையே பார்த்தபடி நின்றான்.

கத்துவதற்கு வாயைத் திறந்தாள். கத்தினால் திடுக்கிட்டுத் திரும்புவான். லீவரைச் சட்டென்று விட்டால் கட்டு ஆடும். ஒரு ஆட்டம் ஆடினால் போதும், எல்லாம் முடிந்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள். கால் பின்னிக்கொண்டது, சேறு செருப்பைப் பிடுங்கிக்கொண்டது. வெறுங்காலோடு கரையைச் சுற்றி ஓடி, அவன் பார்வை போகிற இடத்துக்கு நேராகப் போய் நின்றாள்.

கையை நீட்டினாள். உள்ளங்கையைக் கவிழ்த்து வீசினாள். நிறுத்து.

செல்வா அவளைப் பார்த்தான். உலு திராமில் கோலம் போட்டுக்கொண்டிருக்க வேண்டியவள் செம்பனைத் தோட்டத்தில், தலைமுடி கலைந்து, வெறுங்காலோடு நிற்கிறாள். அவன் முகத்தில் ஒன்றும் புரியவில்லை. ஆனால் கை புரிந்துகொண்டது. கிரேன் நின்றது. கட்டு லேசாக ஆடி, பச்சைத் தண்ணீரைச் சொட்டிக்கொண்டு தொங்கியது.

"தங்கராஜண்ணே, மேல ஏறுங்க. ஒன்னும் கேக்காதீங்க, ஏறுங்க" என்றாள். அவ்வளவு மெதுவாக அவள் யாரோடும் பேசியதில்லை. தங்கராஜு மேலே பார்த்தார், லாரியின் காலைப் பார்த்தார். "அலமாக்" என்று முனகிவிட்டு ஆட்களைத் தள்ளிக்கொண்டு கரையேறினார். கடைசி ஆள் ஏறுகிறவரை லோஷினியின் கை நீட்டினது நீட்டினபடி இருந்தது.

பிறகு விரலைக் கீழே காட்டிச் சுற்றினாள். இன்னொரு கையைத் தட்டையாக அதன்மேல் வைத்தாள். இறக்கு. மெதுவாக.

கட்டு இறங்கியது. அங்குலம் அங்குலமாக இறங்கியது. லாரி எங்கேயோ முனகியது. தூக்கின இரும்புக் கால் அந்தரத்தில் நடுங்கியது. கட்டின் அடி தண்ணீரைத் தொட்டது, பாதி முழுகியது, சேற்றில் உட்கார்ந்தது. கிரேன் கயிறு தொய்ந்தது. இரும்புக் கால் தொம்மென்று பலகையின்மேல் வந்து விழுந்தது. லாரி முழுசாக ஒருமுறை குலுங்கி நின்றது.

செல்வா லீவரை விட்டான். நடந்து வந்தவன் பாதியிலேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டான். அவள் போய் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை.

"ஈரக் கட்டைங்க. நான்தான்... நான்தான் தப்பா எழுதிட்டேன்."

"அதான் கிரேன் அலாரம் கத்துச்சா?" என்றான்.

லோஷினி நிமிர்ந்தாள். "அலாரம் கத்துச்சா?"

"கத்துச்சு. பாரம் கூடிப்போச்சுன்னு விடாம கத்துச்சுலா. மழையில நனைஞ்சு கெட்டுப் போச்சுன்னு நெனச்சேன். அட்டையை மறுபடி பாத்தேன். ஒன்றரைன்னு நீ எழுதியிருந்த." அவன் கிரேனைத் திரும்பிப் பார்த்தான். "பொத்தான அமுக்கி அலாரத்த அடைச்சுட்டேன்."

அவள் அவனைப் படபடவென்று நெஞ்சிலும் தோளிலும் அடித்தாள். அவன் தடுக்கவில்லை. தங்கராஜு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். அடித்து ஓய்ந்து அவன்மேலேயே சாய்ந்து அழுதாள். அவன் சட்டையில் மருந்து வாடை அடித்தது.

கொஞ்ச நேரம் கழித்து செல்வா எழுந்தான். லாரியில் இன்னும் இரண்டு கட்டு இருந்தது. பெட்டிக்குள்ளிருந்து பட்டை பேனாவை எடுத்துவந்து அவளிடம் நீட்டினான்.

"சரி. இப்ப எவ்வளவுன்னு எழுது. நீ எழுதினா எறக்கிருவேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. காலையில் நம்பின மாதிரியேதான் இப்போதும் நம்பினான், ஒரு துளியும் குறையவில்லை. லோஷினிக்கு நெடுஞ்சாலையில் இருந்த பயத்தைவிடப் பெரிய பயம் வந்தது. பேனாவை வாங்கவே இல்லை.

"முதல்ல அலாரத்தப் போடுங்க."

"நீதான் வந்துட்டியே, லோஷி."

"நான் பத்தாது. போடுங்க."

அவன் போய்ப் பொத்தானை அழுத்தினான். அலாரம் ஒரு தடவை கீச்சென்று கத்திவிட்டு அடங்கியது. அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் அவள் கையை நீட்டிப் பேனாவை வாங்கினாள்.